அந்நிய இலக்கத் தகடும் அயல்நாட்டுப் பாதையும்

புதிதாக ஓர் ஊருக்கு வருபவனைப் பார்த்து, "நீ யார்? எந்த ஊர்? எத்தனை நாள் தங்குவாய்?" என்று வினவுவது உலக வழக்கு. மனிதனிடம் கேட்கப்படும் இம்மூன்று வினாக்களும் அவன் ஏறிவரும் வாகனத்திடமும் கேட்கப்படுகின்றன. மனிதன் வாய் திறந்து விடை கூறுவான், வாகனத்துக்கு வாயில்லை. அதன் பின்புறத்தில் பொருத்தப்பட்டுள்ள இலக்கத் தகடும், உரிமையாளன் கையிலுள்ள சில பத்திரங்களுமே அதற்காகப் பேசுகின்றன. சொந்த நாட்டுக்குள் ஓடும்வரை இவற்றைப் பற்றி எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் எல்லையைத் தாண்டி அயல்நாட்டுப் பாதையில் இறங்கிய கணத்திலேயே அந்தச் சிறிய தகட்டின் பெறுமதி விளங்கத் தொடங்குகிறது. அந்நியத் தகட்டுடன் ஒரு வாகனம் எவ்வளவு காலம் ஓடலாம், அதை யார் ஓட்டலாம், எந்த இடத்தில் சட்டம் குறுக்கே நிற்கும் என்பவற்றை அறியாமல் வண்டியையும் பணத்தையும் இழந்தோர் உண்டு. ஆதலின் இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

முதலில் வாகனப் பதிவு என்னும் முறை எவ்வாறு தோன்றியது என்பதைக் காண்போம். குதிரை வண்டி ஓடிய காலத்தில் ஒருவனது வண்டியை ஊரார் யாவரும் அறிந்திருந்தனர். எந்திர வண்டி வந்த பின்னர் நிலைமை மாறியது. எங்கிருந்தோ விரைந்து வந்து, ஒருவரை இடித்துவிட்டு, எங்கேயோ மறைந்துபோகும் ஆற்றல் அதற்கு இருந்தது. எனவே வண்டியைக் கண்டவர் அதன் சொந்தக்காரனைத் தேடிப் பிடிக்க ஒரு வழி வேண்டியதாயிற்று. 1893 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரப் பொலிசார், மோட்டார் வண்டிகளில் உரிமையாளரை அறியத்தக்க தகடு பொருத்தப்பட வேண்டும் என்று கட்டளையிட்டனர். 1898 இல் நெதர்லாந்து நாடு முழுவதற்குமான இலக்க முறையை ஏற்படுத்தியது. பிரித்தானியாவில் 1903 ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் நிறைவேறி, 1904 சனவரி முதலாம் திகதி தொடக்கம் வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் பதியப்படலாயின. இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இவ்விடயத்துக்கு அடிப்படையாக அமைந்தது.

பதிவினால் அரசாங்கத்துக்கு வேறு பயன்களும் உண்டு. வரி அறவிடுதல், வண்டி பாதையில் ஓடத் தகுதியானதா எனச் சோதித்தல், களவு போன வண்டியைக் கண்டுபிடித்தல் ஆகியன யாவும் அதே ஏட்டை ஆதாரமாகக் கொண்டவை. எனினும் இங்கே ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. எல்லா நாடுகளிலும் பதிவுப் பத்திரம் சொத்துரிமைக்குச் சாட்சி ஆகாது. பிரித்தானியப் பதிவுப் பத்திரம், வண்டியை வைத்துப் பராமரிக்கப் பொறுப்பானவர் யார் என்பதையே கூறுகிறது. அதன் சொந்தக்காரர் யார் என்பதை அது நிறுவுவதில்லை. இதனாலேயே இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் அயல்நாடு செல்பவர், உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதத்தையும் கையில் வைத்திருத்தல் வேண்டும். வாடகைக்குப் பெற்ற வண்டியாயின் அதற்குரிய தனிச் சான்றிதழ் ஒன்று பிரித்தானியாவில் வழங்கப்படுகின்றது.

ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு பதிவு முறையை வகுத்தவுடன் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. ஐரோப்பாவில் ஒரே நாளில் மூன்று நாடுகளைக் கடந்துவிடலாம். மூன்று எல்லைகளிலும் மூன்று பதிவுகளும் மூன்று சோதனைகளும் என்றால் பிரயாணம் நடப்பது எங்ஙனம்? இதைத் தீர்க்கும் பொருட்டு 1909 ஒக்டோபர் 11 ஆம் திகதி பாரிஸ் மாநகரில் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. ஒரு நாட்டில் சோதித்துச் சான்றிதழ் வழங்கப்பட்ட வண்டியை மற்றைய நாடுகள் மறுசோதனையின்றி ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் சாரம். வண்டி எந்த நாட்டைச் சேர்ந்தது என்று காட்ட, நீள்வட்டமான தகட்டில் அந்நாட்டின் அடையாள எழுத்து எழுதப்பட வேண்டும் என்றும் அங்கே முடிவாயிற்று. மோட்டார் வண்டிக்கு 30 சென்ரிமீற்றர் அகலமும் 18 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள தகடு. மோட்டார் சைக்கிளுக்கு அதைவிடச் சிறியது. பாதையோரங்களில் இன்று காணும் அபாய அறிவிப்புப் பலகைகளுள் மேடுபள்ளம், வளைவு, நாற்சந்தி, புகையிரதக் கடவை ஆகிய நான்கும் நாடுகளுக்குப் பொதுவான குறிகளாக இணக்கம் பெற்றதும் அவ்வுடன்படிக்கையிலேயே என்பது குறிப்பிடத்தக்கது.

அதன் பின்னர் 1926 இல் பாரிஸிலும், 1949 செப்டெம்பர் 19 இல் ஜெனீவாவிலும், 1968 நவம்பர் 8 இல் வியன்னாவிலும் புதிய உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. இலங்கை ஜெனீவா உடன்படிக்கையில் சேர்ந்த நாடாகும். வியன்னா உடன்படிக்கை 1977 இல் நடைமுறைக்கு வந்தது. இன்று உலகின் பெரும்பாலான நாடுகள் இவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ ஏற்றுள்ளன. சீனா போன்ற சில நாடுகள் இவற்றுக்குக் கட்டுப்படாது தம் வழியிலேயே நிற்கின்றன. அங்கே அந்நிய மோட்டார் சைக்கிளுக்குத் தற்காலிகச் சீன இலக்கத் தகடும், ஓட்டுபவருக்குத் தற்காலிகச் சீன அனுமதிப் பத்திரமும் பெற்ற பின்னரே பாதையில் இறங்கலாம்.

இவ்வுடன்படிக்கைகளின் உட்பொருளை ஒரே சொல்லில் கூறுவதாயின், 'விருந்து' எனலாம். அயல்நாட்டு வாகனம் விருந்தாளியாக ஏற்கப்படுகிறது, வீட்டுக்காரனாக அன்று. விருந்தாளி யார் என்பதற்கு வியன்னா உடன்படிக்கை மூன்று இலக்கணங்களைக் கூறுகிறது. வாகனத்தின் உரிமையாளர் வழமையாக அந்நாட்டுக்கு வெளியே வசிப்பவராக இருத்தல் வேண்டும். வாகனம் அந்நாட்டில் பதியப்படாததாக இருத்தல் வேண்டும். அது தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டதாக இருத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே பொருந்தினாற்றான் அது சர்வதேசப் போக்குவரத்தில் உள்ள வாகனம் எனப்படும். அன்றியும், தக்க இடைவெளியின்றி ஓராண்டுக்கு மேல் ஒரு நாட்டில் தங்கிவிட்ட வாகனத்தை அந்நாடு விருந்தாளியாக மதிக்க மறுக்கலாம். ஓராண்டு என்பது உச்ச எல்லை; எல்லா நாடுகளும் அவ்வளவு நாள் விடுவதில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

விருந்தாளிக்கு உரிய சலுகை சிறியதன்று. ஒரு நாட்டில் புதிதாகப் பதிவதாயின் அந்நாட்டின் புகை அளவு, விளக்கு, ஒலி, தடுப்புக் கருவி முதலிய விதிகள் அனைத்துக்கும் வண்டி இணங்கியாக வேண்டும். விருந்தாளியாக வரும் வண்டிக்குச் சொந்த நாட்டுப் பதிவும், உடன்படிக்கை கூறும் பொதுவான தகுதிகளும் இருந்தாற் போதும். இதனால், ஒரு நாட்டில் எக்காலத்தும் பதிய முடியாத மோட்டார் சைக்கிள் ஒன்று, அதே நாட்டுப் பாதையில் சில மாதங்கள் சட்டப்படி ஓடுவதைக் காணலாம். ஐக்கிய அமெரிக்காவில் இது நன்கு புலனாகும். அங்கு வாழாத ஒருவர் தமது சொந்தப் பாவனைக்காகக் கொண்டுவரும் வண்டி, அந்நாட்டின் தர விதிகளுக்கு இணங்காவிடினும், உரிய அனுமதி பெற்று ஓராண்டு வரை ஓடலாம். ஆயின் அதை அங்கே விற்றலாகாது. ஆண்டு முடியுமுன் திரும்பக் கொண்டுபோய்விடல் வேண்டும்.

விருந்தாளி தன்னை இன்னாரென்று காட்ட வேண்டுமல்லவா? அதற்கே இலக்கத் தகடும் நீள்வட்டக் குறியும் அமைந்தன. மற்றைய வண்டிகள் முன்னும் பின்னும் இலக்கம் காட்டல் வேண்டும்; மோட்டார் சைக்கிளுக்குப் பின்புறத் தகடு ஒன்றே போதும் என்று வியன்னா உடன்படிக்கை விலக்கு அளிக்கிறது. முன் தகட்டைக் கட்டாயமாக்கிய நாடுகள் முன்பு பல இருந்தன. பிரித்தானியாவில் முன் சில்லின் மட்காட்டின்மேல் நீளவாக்கில் கூரிய தகடு நின்றது. பாதசாரியை மோதினால் அது கத்திபோல் வெட்டும் என்பதும் அதன் மேலெழுந்த குறைகளுள் ஒன்று. 1975 ஆம் ஆண்டில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. நாட்டின் அடையாள எழுத்து கறுப்பு நிறத்தில், வெள்ளை நீள்வட்டத்தின் மேல், குறைந்தது 8 சென்ரிமீற்றர் உயரமுடையதாக எழுதப்பட வேண்டும். மோட்டார் சைக்கிளில் இடம் குறைவாதலின், ஜெனீவா உடன்படிக்கை அதன் நீள்வட்டத்தை 17.5 சென்ரிமீற்றருக்கு 11.5 சென்ரிமீற்றர் எனச் சுருக்கிக்கொள்ள இடந்தருகிறது.

இவ்வெழுத்துக்களிற் சில ஒரு நாட்டின் சரித்திரத்தையே உரைப்பன. சுவிற்சர்லாந்தின் குறி சீ.எச்.; அது அந்நாட்டின் இலத்தீன் பெயரினின்று பிறந்தது. ஜேர்மனியின் குறி டீ; ஸ்பெயினின் குறி ஈ. இலங்கையின் குறி சீ.எல்.; 1972 இல் நாட்டின் பெயர் மாறிய பின்னரும் சிலோன் என்ற பழைய பெயரின் நினைவு அவ்விரண்டு எழுத்துக்களில் நிலைத்து நிற்கிறது. பிரித்தானியா நெடுங்காலம் ஜீ.பீ. என்ற குறியைத் தாங்கி, 2021 செப்டெம்பர் 28 தொடக்கம் யூ.கே. எனப் பூண்டுகொண்டது. அதனால் பழைய ஜீ.பீ. குறியை ஒட்டிக்கொண்டு பிரான்சுக்குச் செல்லும் ஓட்டுநர், குறியே இல்லாதவர் போல் ஆகிவிடுவார். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தமக்குள் வேறொரு வழி கண்டன. பன்னிரு நட்சத்திரங்களும் நாட்டு எழுத்தும் அடங்கிய நீலப் பட்டையை இலக்கத் தகட்டிலேயே இணைத்து, 1998 ஆம் ஆண்டின் விதியொன்றின்படி அதையே போதிய அடையாளமாக ஏற்றுக்கொண்டன.

இலக்கத் தகட்டில் எந்த எழுத்து இருத்தல் வேண்டும் என்பது சில வேளை மக்களின் மனத்தை ஆழத் தொடும் வினாவாகிவிடுகிறது. சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வாகனத் தகடுகளிற் பொறிக்கப்பட்டமை 1958 ஆம் ஆண்டில் இலங்கையில் எத்துணைப் பெரிய கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று என்பதை நேயர்கள் அறிவர். அயல்நாடு செல்லும் வண்டிகளைப் பொறுத்தவரை வியன்னா உடன்படிக்கை ஒரு பொது விதி வகுத்துள்ளது. எந்நாடும் தன் சொந்த எழுத்தையும் இலக்கத்தையும் தகட்டில் எழுதிக்கொள்ளலாம். ஆயின் அவற்றோடு, உலகெங்கும் வழங்கும் 1, 2, 3 என்ற இலக்கங்களிலும் இலத்தீன் பெரிய எழுத்துக்களிலும் அதே பதிவிலக்கம் மீண்டும் எழுதப்படல் வேண்டும். விபத்தைக் கண்ட வழிப்போக்கன் வாசித்துச் சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இதுவரை கூறியது பாதைச் சட்டம். பாதைச் சட்டம் வண்டியை வரவேற்றதும் எல்லாம் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். பிழை நேர்வது இங்கேதான். எல்லையில் இரண்டாவது வாயில் ஒன்று உண்டு, அது சுங்கம். பொலிசாரின் கண்ணுக்கு மோட்டார் சைக்கிள் ஒரு வாகனம். சுங்கப் பகுதியாரின் கண்ணுக்கு அது ஒரு சரக்கு. துணிப்பொதிக்கும் தேயிலைப் பெட்டிக்கும் எவ்வாறு இறக்குமதித் தீர்வை உண்டோ, அவ்வாறே அதற்கும் உண்டு. திரும்பக் கொண்டுபோகும் எண்ணத்துடன் வருவதால் மட்டுமே அத்தீர்வை நிறுத்திவைக்கப்படுகிறது. கொண்டுபோகாது விட்டால்? அந்த ஐயத்துக்கு விடையாக எழுந்ததே 'கார்னே' எனப்படும் சுங்கக் கடவுப் புத்தகம். 1954 யூன் 4 ஆம் திகதி நியூயோர்க்கில் கையெழுத்தான சுங்க உடன்படிக்கை இதற்குச் சர்வதேசச் சட்ட வலிமையை அளித்தது.

கார்னே புத்தகத்தின் ஒவ்வொரு தாளும் மூன்று துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நாட்டினுள் நுழையும்போது ஒரு துண்டைச் சுங்க அதிகாரி கிழித்து வைத்துக்கொள்வார். வெளியேறும்போது மற்றொன்றைக் கிழித்துக்கொள்வார். மூன்றாவது துண்டு, இரண்டு முத்திரைகளையும் தாங்கி, புத்தகத்திலேயே தங்கிவிடும். பிரயாணியின் சொந்த நாட்டு மோட்டார் சங்கம் ஒரு பிணைத் தொகையைப் பெற்றுக்கொண்டு இப்புத்தகத்தை வழங்குகிறது. வண்டி திரும்பாவிடின் தீர்வையைச் செலுத்தும் பொறுப்பு அச்சங்கத்தினதாகும். சங்கம் அதனைப் பிரயாணியின் பிணையிலிருந்து ஈடுசெய்யும். ஆகவே வெளியேறும் முத்திரை ஒன்று விடுபட்டுப்போயின், வண்டி உண்மையில் வீடு திரும்பியிருந்தாலும், அது அந்நாட்டில் தங்கிவிட்டதாகவே ஏட்டில் நிற்கும். நள்ளிரவில், மழையில், களைத்த உடம்புடன் எல்லை கடக்கும் ஓட்டுநர் ஒரு முத்திரையை மறந்தமைக்காகப் பல மாதங்கள் கடிதம் எழுத நேர்வது உண்டு. விபத்தில் வண்டி முற்றாக நொறுங்கினாலும் அதை வீதியோரத்தில் விட்டு வருதல் கூடாது. தீர்வையைக் கட்டலாம், செலவின்றி அரசாங்கத்துக்கு ஒப்படைக்கலாம், அல்லது அதிகாரிகளின் முன்னிலையில் அழிக்கலாம். இம்மூன்று வழிகளை அவ்வுடன்படிக்கை காட்டுகிறது.

மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றியோரின் கதைகள் யாவற்றிலும் சுங்கச் சாவடி இடம்பெறுவதற்குக் காரணம் இதுவே. ரொபர்ட் எடிசன் ஃபுல்ட்டன் என்னும் அமெரிக்க இளைஞர் 1932 இல் டக்ளஸ் என்ற பிரித்தானிய மோட்டார் சைக்கிளில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, ஆசியாவைக் கடந்து, 1933 முடிவில் நியூயோர்க்கை அடைந்தார். 1973 இல் இலண்டனிலிருந்து ட்ரையம்ப் மோட்டார் சைக்கிளில் புறப்பட்ட டெட் சைமன் நான்கு ஆண்டுகளில் 45 நாடுகளைக் கண்டு திரும்பினார். பிரான்சைச் சேர்ந்த ஆன் பிரான்ஸ் தோத்வில் என்ற பெண்மணியும் அதே 1973 இல் தனியாக உலகைச் சுற்றினார். ஐரோப்பாவிலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான், பாக்கிஸ்தான் வழியாக இந்தியா வரும் தரைப்பாதை 1960 களிலும் 1970 களிலும் பெருவழக்காயிருந்து, 1979 ஆம் ஆண்டின் அரசியற் குழப்பங்களோடு ஒடுங்கியது. அவ்வழியிலுள்ள ஈரானும் பாக்கிஸ்தானும் இந்தியாவும் இன்றும் கார்னே புத்தகம் கேட்கும் நாடுகளாகும். இந்திய அரசாங்கம் 2022 ஓகஸ்ட் மாதத்தில் அந்நிய வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. செல்லுபடியான பதிவுச் சான்றிதழ், சாரதி அனுமதிப் பத்திரம், காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றை எந்நேரமும் வண்டியில் வைத்திருத்தல் வேண்டும். அவை ஆங்கிலமல்லாத மொழியில் இருப்பின் அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பும் வேண்டும். உள்ளூர்ப் பிரயாணிகளையோ பொருட்களையோ ஏற்றலாகாது என்பன அவற்றுட் சில.

இலங்கை கடல் சூழ்ந்த தீவாதலால் மோட்டார் சைக்கிளில் எல்லை கடக்கும் அனுபவம் இங்கு வாழ்வோர்க்கு அரிது. ஆயின் இத்தீவினின்று சென்று ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது அன்றாட விடயம். தமையன் இலண்டனில், தம்பி பாரிஸில், தமக்கை சூரிச்சில் என்று ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று சட்டங்களின் கீழ் வாழ்கின்றனர். ஆதலின் ஐரோப்பிய விதியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பதியப்பட்ட மோட்டார் சைக்கிளை, வெளியே வாழும் ஒருவர் தம் சொந்தப் பாவனைக்குக் கொண்டுவந்தால், பொதுவாக ஆறு மாதம் வரை சுங்கத் தீர்வையின்றி ஓட்டலாம். பெரும்பாலும் பத்திரம் எதுவும் எழுத வேண்டியதில்லை; எல்லையைக் கடப்பதே அறிவித்தலாகக் கொள்ளப்படும். இவ்விலகுதன்மையே பலரை ஏமாற்றுகிறது. சலுகை வண்டிக்கு உரியதன்று; வெளியே வாழும் மனிதருக்கு உரியது. 2020 டிசம்பர் 31 வரை பிரித்தானியத் தகடு ஒன்றியத்தின் உள்வீட்டுத் தகடாகவே நடத்தப்பட்டது. அதற்குப் பின் அது வெளியார் தகடாகிவிட்டது. இலண்டன் தமையன் தன் மோட்டார் சைக்கிளில் பாரிஸுக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் ஓட்டும்வரை குற்றமில்லை. அவன் பாரிஸில் நிற்கும் வேளையில், அவன் கேட்டுக்கொண்டபடி தம்பி ஒரு முறை கடைக்கு ஓட்டிச் சென்றாலும் சட்டம் பொறுத்துக்கொள்ளும். ஆயின் தமையன், "நீ வைத்து ஓட்டு, தம்பி, அடுத்த மாதம் வந்து எடுக்கிறேன்" என்று கூறிவிட்டுப் புகையிரதத்தில் இலண்டன் திரும்பிய பின் தம்பி அதில் ஏறினால், அந்தக் கணமே அது தீர்வை செலுத்தாத சரக்காகிவிடுகிறது. சுங்கத் தீர்வையும், அதன்மேல் பிரான்சில் 20 வீதப் பெறுமதி சேர் வரியும் அறவிடப்படலாம். வண்டி பறிமுதலாகவும் கூடும். சகோதர பாசத்தால் செய்த உதவி இவ்வாறு இருவருக்கும் கேடாக முடியும்.

வசிப்பிடம் என்பது யாது என்ற வினாவும் இங்கே எழுகிறது. கடவுச் சீட்டின் நிறத்தைக் கொண்டு அது தீர்மானிக்கப்படுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1983 இல் வகுத்த விதியின்படி, தனிப்பட்ட உறவாலும் தொழிலாலும் ஒரு நாட்டோடு பிணைந்து, ஆண்டொன்றில் குறைந்தது 185 நாட்கள் அங்கு வாழ்பவருக்கு அதுவே வழமையான வசிப்பிடமாகும். ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குத் தற்காலிகமாகக் கொண்டுபோகும் வண்டிக்கும் பன்னிரண்டு மாதத்தில் ஆறு மாதம் என்ற எல்லையே அவ்விதியில் உண்டு. வேலை பெற்று, வீடு எடுத்து, பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்த்துவிட்ட ஒருவர், பழைய நாட்டுத் தகட்டை வைத்துக்கொண்டு, "நான் விருந்தாளி" என்று கூறுதல் செல்லாது. அவர் புதிய நாட்டில் வண்டியைப் பதிந்து அந்நாட்டுத் தகட்டைப் பெற்றே ஆகவேண்டும்.

மூன்றாவது வாயில் காப்புறுதி. அந்நிய வண்டி ஒருவரை இடித்துக் காலை முறித்துவிட்டு நாடு திரும்பிவிட்டால், காயம்பட்டவர் நட்டஈட்டை எவரிடம் கேட்பது? இவ்வினாவுக்கு விடையாக 1949 சனவரியில் ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் கீழ் ஓர் ஏற்பாடு விதந்துரைக்கப்பட்டு, 1953 சனவரி முதலாம் திகதி செயற்படத் தொடங்கியது. பச்சைத் தாளில் அச்சிடப்பட்டமையால் அச்சான்றிதழ் 'பச்சை அட்டை' எனப் பெயர் பெற்றது. 2020 யூலை தொடக்கம் அதை வெள்ளைத் தாளிலும் அச்சிடலாம். விபத்து நேர்ந்த நாட்டின் காப்புறுதிப் பணியகம் காயம்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டியின் சொந்த நாட்டுப் பணியகத்திடம் அதைப் பெற்றுக்கொள்ளும். 1972 ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதி இதை மேலும் எளிதாக்கி, வண்டி எந்நாட்டுத் தகட்டைத் தாங்குகிறதோ அந்நாட்டிலேயே அது காப்புறுதி பெற்றதெனக் கொண்டு, எல்லையில் சோதிப்பதை நீக்கியது. இலக்கத் தகட்டின் மேல் எத்துணைப் பெரிய நம்பிக்கை சுமத்தப்பட்டுள்ளது என்பதை இதனால் உணரலாம். அத்தகடு பொய்யாயின், அல்லது காலங்கடந்ததாயின், அதன் பயனை இழப்பவர் ஓட்டுநர் மட்டுமல்லர். தெருவில் நடந்துசென்ற குற்றமற்ற ஒருவருமே ஆவார்.

நான்காவது வாயில் ஓட்டுநரின் தகுதி. சர்வதேசச் சாரதி அனுமதிப் பத்திரம் என்பது தனித்து நிற்கும் அனுமதியன்று. சொந்த நாட்டு அனுமதிப் பத்திரத்தின் மொழிபெயர்ப்புப் போன்றது. இரண்டையும் சேர்த்தே காட்டல் வேண்டும். ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது ஓராண்டுக்குச் செல்லும். வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது மூன்றாண்டு வரை செல்லலாம். மோட்டார் சைக்கிள் 'ஏ' என்ற பிரிவைச் சேர்ந்தது. அப்பிரிவுக்கெதிரே முத்திரை இடப்படாத பத்திரத்துடன், கார் ஓட்டத் தெரியும் என்ற துணிவில் மோட்டார் சைக்கிளை எடுத்துப் புறப்படுபவர், சட்டத்தின் கண்ணில் அனுமதியில்லாதவரே. விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கம்பனி கை விரிப்பதற்கு அது ஒன்றே போதும்.

இந்நான்கு வாயில்களையும் கடந்த பின்னும் மறக்கலாகாத ஒன்று உண்டு. அந்நிய நாட்டில் ஓடும் வண்டியின் உயிர்நாடி சொந்த நாட்டுப் பதிவிலேயே இருக்கிறது. அங்கே பதிவு காலாவதியானால் இங்கே அதன் விருந்தாளி நிலையும் அற்றுப்போகும். பிரித்தானிய வண்டி பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவாக வெளியே செல்வதாயின், உள்நாட்டு வாகன வரி தொடர்ந்து செலுத்தப்பட வேண்டும். பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ ஆயின், அது நிரந்தர ஏற்றுமதி எனப் பதிவுத் திணைக்களத்துக்கு அறிவிக்கப்பட வேண்டும். அறிவித்த பின் பழைய பதிவு மூடப்படும். பழைய தகட்டுடன் மூன்றாவது நாடொன்றில் சுற்றித் திரிபவர், எந்நாட்டையும் சாராத வண்டியின்மேல் அமர்ந்திருப்பவராகிறார். ஜேர்மனி இச்சிக்கலைத் தவிர்க்க ஓர் எளிய உபாயம் கண்டது. வெளிநாடு கொண்டுபோகும் வண்டிக்கு அங்கே வழங்கப்படும் ஏற்றுமதித் தகட்டின் ஓரத்தில் சிவப்புப் பட்டையொன்று உண்டு. தகடு செல்லுபடியாகும் கடைசித் திகதி அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கண்ட மாத்திரத்தில் எவரும் காலக்கெடுவை அறிந்துகொள்ளலாம்.

விருந்தாளியின் வண்டி அதன் சொந்த நாட்டுச் சட்டப்படி பதியப்பட்டிருக்கலாம். ஓடும் முறை மட்டும் விருந்தளிக்கும் நாட்டின் சட்டப்படியே இருத்தல் வேண்டும். பாதையின் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதில் தொடங்கி, தலைக்கவசம், பகல் விளக்கு, வேக எல்லை வரை யாவும் அந்நாட்டு வழக்கே. பிரான்சில் 2016 ஆம் ஆண்டு தொடக்கம் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் ஒளி வீசும் மேற்சட்டை ஒன்றை உடன் வைத்திருப்பதும், தரச் சான்று பெற்ற கையுறை அணிவதும் கட்டாயமாகும். "எமது நாட்டில் இவ்விதி இல்லை" என்ற விடையை அங்குள்ள பொலிசார் ஏற்கமாட்டார்கள்.

இவ்விதிகளை வீண் தொல்லை என்று கருதுவோர் உளர். இவற்றின் பின்னால் நிற்கும் நியாயத்தை நோக்கினால் அவ்வெண்ணம் மாறும். உள்நாட்டில் வாழ்பவன் பாதை வரி கட்டுகிறான். தீர்வை செலுத்தி வண்டி வாங்குகிறான். ஆண்டுதோறும் சோதனைக்கு நிறுத்துகிறான். அவன் பக்கத்து வீட்டில் வாழும் ஒருவன் அந்நியத் தகட்டின் மறைவில் இவையனைத்தையும் தவிர்த்தால், அது நேர்மையுள்ள அயலானுக்குச் செய்யும் அநீதியாகும். மறுபுறம், சில வாரம் வந்து, ஊர் பார்த்து, பணத்தைச் செலவிட்டுத் திரும்பும் பிரயாணியிடம் முழுத் தீர்வை கேட்பதும் அநீதியே. இவ்விரண்டுக்கும் நடுவே நூற்றாண்டுக்கு மேலாக நாடுகள் கூடி வகுத்த வழியே, கால எல்லையோடு கூடிய விருந்து முறையாகும்.

ஆதலின் அயல்நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்ட விரும்புவோர் புறப்படுமுன் ஐந்து விடயங்களை உறுதி செய்துகொள்ளுதல் நலம். பதிவுப் பத்திரம் பிரயாணம் முடியும் நாள்வரை செல்லுபடியாகுமா? வண்டி தம் பெயரில் இல்லையெனின் உரிமையாளரின் சம்மதக் கடிதம் கையில் உண்டா? செல்லும் நாடு கார்னே கேட்கும் நாடா, அன்றிக் கால எல்லை மட்டும் விதிக்கும் நாடா? காப்புறுதி அந்நாட்டில், அத்தனை நாட்களுக்கும் செல்லுமா? சாரதி அனுமதிப் பத்திரத்தில் மோட்டார் சைக்கிளுக்குரிய பிரிவு பதியப்பட்டுள்ளதா? இவ்வைந்துக்கும் ஆம் என்று விடை கூறக்கூடியவர் எந்தச் சாவடியிலும் கலங்க வேண்டியதில்லை. எல்லைக்குள் நுழைந்த திகதியைச் சிறு குறிப்பேடொன்றில் எழுதி வைத்து, கெடு முடியுமுன் வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவாராயின், அடுத்த ஆண்டும் அதே வாயில் அவருக்குத் திறந்திருக்கும்.